வாணம், வெடி, மத்தாப்பு: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தாருக்கான கேள்வி பதில்கள்

‘வாணவேடிக்கை’யா, ‘வானவேடிக்கை’யா? எது சரி?

மூன்று சுழி ‘ண’தான் சரி. வானத்தில் நடப்பதால் ‘வான’வேடிக்கை என்று பலர் எழுதுகிறார்கள். திருவிழாத் தட்டிகளிலும் அப்படியே அச்சாகிறது. ஆனால் இந்தச் சொல் வானத்திலிருந்து வந்ததல்ல. ‘பாணம்’, அதாவது அம்பு என்ற வடசொல் தமிழில் ‘வாணம்’ ஆனது. பைரவர் வைரவர் ஆனதும், பாணாசுரன் வாணாசுரன் ஆனதும் இதே வழியில்தான். எனவே வாணம் என்றால் முதலில் அம்பு, பிறகு அம்பைப் போலத் தீயோடு பாய்வது.

போரில் அது உண்மையிலேயே அம்பாகவும் இருந்தது. மைசூர்ப் படையின் வாணங்கள் இரும்புக் குழலில் மருந்து அடைத்து மூங்கில் கழியில் கட்டப்பட்டவை. 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயரை அவை கலங்கடித்தன. மறு ஆண்டு, 1781இல், ஹைதர் அலியின் படை நம் பரங்கிப்பேட்டையில் போரிட்டது. இன்று பெட்டிக்கடையில் வாங்கும் ராக்கெட்டிலும் அதே கழிதான் குச்சியாகச் சிறுத்துத் தொங்குகிறது.

புஸ்வாணத்துக்கும் அதே ‘ண’தான். ‘புஸ்’ என்று சீறுகிற வாணம்.

வெடி, வேட்டு, பட்டாசு எல்லாம் ஒன்றுதானே?

கடையில் ஒன்றுதான், மொழியில் இல்லை. ‘வெடி’ என்பதற்குப் பிளத்தல் என்று பொருள். பருத்தி வெடிக்கிறது, வறண்ட வயல் வெடிக்கிறது, குதிகாலில் பித்தவெடிப்பு வருகிறது. எதிலும் வெடிமருந்து கிடையாது. பட்டாசு ஏன் சத்தமிடுகிறது என்பதும் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இறுகச் சுற்றிய காகிதக் கூட்டுக்குள் மருந்து நொடியில் வாயுவாகிப் போக வழியின்றித் தாளைப் பிளக்கிறது. அந்தப் பிளவின் அதிர்ச்சிதான் சத்தம். சுற்று தளர்ந்திருந்தால் அதே மருந்து புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும்.

‘வேட்டு’ சத்தத்தைக் குறிக்கும். கோயில் விழாவில் போடும் அதிர்வேட்டு அப்படி வந்தது. ‘பட்டாசு’ எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இந்தியில் படாக்கா, மலையாளத்தில் படக்கம், கன்னடத்தில் பட்டாக்கி என்று இதன் உறவினர் பலர். இலங்கைத் தமிழர் பட்டாசைச் சீனவெடி என்கிறார்கள்.

மத்தாப்பு என்பது தமிழ்ச் சொல்லா?

பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. ‘மஹ்தாப்’ என்றால் நிலவொளி. சத்தமின்றி ஒளி மட்டும் தருவதற்கு இதைவிட அழகான பெயர் வேண்டியதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இதை என்னவென்று சொல்வார்கள்?

‘ஃபெ தார்த்திஃபீஸ்’. ‘ஃபெ’ தீ, ‘ஆர்த்திஃபீஸ்’ கைத்திறன். கைத்திறனால் ஆன தீ என்று கொள்ளலாம். தமிழ் பாய்ச்சலைப் பார்த்துப் பெயர் வைத்தது, பிரெஞ்சு செய்தவரின் கையைப் பார்த்து வைத்தது.

பேச்சில் இந்தச் சொற்கள் வேறு பொருளில் வருகின்றனவே?

நிறைய. ‘திட்டம் புஸ்வாணமாயிடுச்சு’ என்றால் ஆரவாரமாகத் தொடங்கி ஒன்றுமில்லாமல் போனது. ‘அவன் பதவிக்கு வேட்டு வெச்சுட்டாங்க’ என்றால் அடியோடு பறித்துவிட்டார்கள். இருவருக்கிடையே சண்டை மூட்டுவது ‘பத்த வைக்கிறது’. இடைவெளியில்லாமல் பேசுபவரின் பேச்சு சரவெடி. ‘படம் பட்டாசா இருக்கு’ என்பது பாராட்டு, ‘நமத்துப்போன பட்டாசு’ என்பது ஏமாற்றம். மட்டையாளர் சிக்சர்களாக விளாசினால் மறுநாள் செய்தித்தாளில் ‘வாணவேடிக்கை’. சிரிப்புக்கும் வெடிச்சிரிப்பு உண்டு.

ஒன்று கவனியுங்கள். உண்மையான புஸ்வாணம் தோற்றுப்போன பட்டாசு அல்ல. அது சீறுவதற்கென்றே செய்யப்பட்டது. அது வெடித்தால்தான் பிழை.

அப்படியானால் புஸ்வாணம் சில நேரம் ஏன் வெடிக்கிறது?

தீபாவளியன்று முகத்திலும் கண்ணிலும் படும் காயங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

புஸ்வாணக் கூம்புக்குள் மருந்து இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். இறுக்கமாக இருந்தால் தீ மேலிருந்து கீழே அடுக்கடுக்காக இறங்கும். பிறக்கும் வாயு மேல் துளை வழியே பொறிகளை அள்ளிக்கொண்டு போகும். இந்த ஒழுங்கு மூன்று வகையில் கெடும்.

முதலாவது, விரிசல். பெட்டி கீழே விழுந்திருந்தாலோ ஈரம் ஏறிக் காய்ந்திருந்தாலோ உள்ளே மருந்து பிளந்திருக்கும். தீ அந்தப் பிளவுக்குள் புகுந்து ஒரே நேரத்தில் பெரிய பரப்பில் பற்றும். வெளியேற வேண்டிய வாயு பல மடங்காகும், துளை போதாது. இரண்டாவது, துளை அடைப்பு. மேல்தாளைக் கிழிக்காமல் மடித்து உள்ளே அழுத்துவதால் இது வரும். மூன்றாவது, கூட்டிலேயே கீறல் இருப்பது.

வாங்கியதும் ஒவ்வொன்றையும் காதருகே மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே பொடி உருளும் சத்தம் கேட்டால் அது வேண்டாம். அடிப்பாகம் நசுங்கியதும் வேண்டாம். சமதரையில் வைத்து, நீளக் கம்பி மத்தாப்பை அல்லது ஊதுபத்தியைக் கை நீட்டிப் பக்கவாட்டில் கொடுத்துப் பற்றவையுங்கள். குனிந்து முகத்தைத் துளைக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. பற்றாவிட்டால் ஊதிப் பார்ப்பது எல்லாவற்றிலும் கொடிய தவறு. கால்மணி நேரம் விட்டுவிட்டு, தூரத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

கடற்கரையில் ராக்கெட் விடலாமா?

முதலில் காற்றைப் பாருங்கள். ராக்கெட்டின் குச்சி அம்பின் இறகுபோல வேலை செய்கிறது. காற்று வாலைத் தள்ளும், மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். ஐப்பசியில் நமக்கு வடகிழக்கிலிருந்து வாடை வீசும். எனவே மருந்து எரியும்வரை ராக்கெட் கடலைப் பார்த்துச் சாயும். எரிந்து முடிந்ததும் சூடான குச்சி காற்றோடு ஊர்ப்பக்கம் விழும். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் அந்தப் பக்கத்தில்தான் நைலான் வலைக் குவியல்களும் ஃபைபர் படகுகளும் கீற்றுக் கொட்டகைகளும் இருக்கின்றன. சவுக்குத் தோப்பு இரைகிற அளவுக்குக் காற்றிருந்தால் அன்றைக்கு ராக்கெட் வேண்டாம்.

கண்ணாடிப் பாட்டிலில் வைப்பதை விடுங்கள். ராக்கெட் கிளம்பும் உதையில் பாட்டில் சாயும், அம்பு ஆள்மட்டத்தில் பாயும். இரண்டடி பிவிசி குழாயில் ஓரடியை மணலில் புதைத்து, அதற்குள் குச்சியைத் தளர்வாக இறக்குங்கள். குச்சியை நேராக மணலில் குத்தினால் கிளம்பாமல் அங்கேயே வெடிக்கும். குச்சி முறிந்திருந்தால் ஒட்டுப்போட்டு விடாதீர்கள். அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முப்பது ஷாட், அறுபது ஷாட் பெட்டிகளை எப்படி வைப்பது?

பெட்டிக்குள் குழல்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு குழலின் அடியிலும் தூக்கும் மருந்து, அதன்மேல் விண்மீன்களாக எரியப்போகும் மணிகளும் அவற்றைச் சிதறடிக்கும் மருந்தும் கொண்ட உருண்டை. ஒரு திரி எல்லாவற்றையும் வரிசையாகத் தொட்டுச் செல்லும். ஒவ்வொரு குண்டு கிளம்பும்போதும் பெட்டி எதிர்ப்பக்கம் உதைபடும். பாதி காலியான பெட்டி எடை குறைந்து சாய்ந்துவிட்டால் மிச்சக் குண்டுகள் பார்ப்பவர்களை நோக்கி வரும். எனவே நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி அணை கொடுங்கள், அல்லது பாதி உயரத்துக்கு மணலில் புதையுங்கள். மேலே மின்கம்பியும் மரக்கிளையும் இருக்கக் கூடாது. பாதியில் நின்றால் குழலை எட்டிப் பார்க்காதீர்கள். அரைமணி நேரம் கழித்துத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

கம்பி மத்தாப்பு குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதா?

நினைக்கிற அளவுக்கு இல்லை. எரியும் முனையின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஐந்து வயதுக்குக் கீழே கையில் கொடுக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு நேரத்தில் ஒன்று, கை நீட்டிப் பிடித்து. நான்கைந்தைச் சேர்த்துக் கொளுத்தினால் ஒன்றின் வெப்பம் மற்றதைத் தூண்டி ஒரேயடியாகப் பற்றும். அணைந்த கம்பியைத் தரையில் போடாமல் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்காலில் மிதித்துப் புண்ணாகும் குழந்தைகள் ஏராளம். சங்குசக்கரத்துக்குச் சமதரை போதும், காலில் செருப்பும் தொளதொளப்பில்லாத பருத்தி உடையும் இருக்கட்டும்.

நிறங்கள் எப்படி வருகின்றன?

உலோக உப்புகளால். சிவப்பு ஸ்ட்ரான்சியம், பச்சை பேரியம், மஞ்சள் சோடியம், நீலம் செம்பு. வெள்ளைக்கு அலுமினியம், மக்னீசியம். பொன்னிறப் பொறி இரும்புத் தூள். நல்ல நீலம் கிடைப்பது கடினம். செம்பின் நீலத்தைத் தரும் சேர்மம் அதிக வெப்பத்தில் சிதைந்துவிடும். ஆழ்ந்த நீலம் தெரிந்தால் செய்தவர் தேர்ந்தவர் என்று பொருள்.

மழையில் நமத்துப்போன பட்டாசை என்ன செய்வது?

நம் ஊரில் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருகின்றன. உப்புக்காற்று வேறு. வாங்கிய அன்றே அட்டைப் பெட்டியோடு தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி, சமையலறை, பூஜையறை, தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரண் ஆகியவற்றைத் தவிர்த்து, தரையிலிருந்து உயரமான உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

லேசான ஈரவாடை மட்டும் இருந்தால் காலை வெயிலில் பாயில் பரப்பி ஒரு மணி நேரம் வைத்தால் போதும். உச்சிவெயிலிலும் சூடான தகரத்திலும் வைக்கக் கூடாது. அடுப்புமேல், தோசைக்கல்லில், இஸ்திரிப் பெட்டியால், முடி உலர்த்தியால் காய வைப்பது உயிரைப் பணயம் வைப்பது. தொட்டால் பிசுபிசுப்பது, வெள்ளைப் பூப்பு பூத்தது, கூடு பிரிந்தது எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள்.

நாட்டு வெடிக்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

சில மருந்துக் கலவைகளுக்குத் தீயே தேவையில்லை, உரசல் போதும். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பது அப்படிப்பட்டது. அதனால்தான் 1992இலேயே இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது. தரையில் எறிந்தால் வெடிக்கும் வெங்காய வெடி உரசலுக்கும் அதிர்ச்சிக்கும் பற்றிக்கொள்ளும். அதற்குத் திரியே கிடையாது என்பதே எச்சரிக்கை. 2021 தீபாவளியன்று புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் நாட்டுப் பட்டாசு மூட்டையை ஸ்கூட்டரில் கொண்டுபோன தந்தையும் சிறு மகனும் வழியிலேயே அது வெடித்து இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 4 அன்று காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியில் பட்டாசுக் கூடம் வெடித்துப் பெண் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். பையில் தளர்வாகக் கட்டி விற்கும், பெயரும் உரிம எண்ணும் இல்லாத வெடியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

எந்த நேரத்தில் வெடிக்கலாம்? எவ்வளவு சத்தம்?

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. முதலில் இரவு 8 முதல் 10 வரை என்றிருந்தது. தமிழர்கள் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடிப்பவர்கள் என்று முறையிட்ட பிறகு, நேரத்தை மாநிலமே பிரித்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. கடலூர் தமிழ்நாடு, பாகூர் புதுச்சேரி. எல்லை தாண்டினால் அரசும் அறிவிப்பும் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டு இடம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

1999 விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரமாகக் கோத்ததற்கு வரம்பு இன்னும் கீழே இறங்கும். 100 வெடி என்றால் 10 டெசிபல் குறைத்து 115, ஆயிரம் என்றால் 15 குறைத்து 110. 2018 தீர்ப்பு சரவெடியையே தடைசெய்தது. பேரியம் உப்புக்கும் அதே தடை, 2021இல் மீண்டும் வலியுறுத்தப்பட்டது.

பசுமைப் பட்டாசு என்றால் புகையே வராதா?

வரும். மத்திய ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய கலவைகளில் நுண்துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறையும், அவ்வளவுதான். பெட்டியில் பச்சை இலச்சினையும் கியூஆர் குறியீடும் இருக்கும். சத்தமில்லாததெல்லாம் தீங்கற்றது என்றும் எண்ண வேண்டாம். 2016இல் புனேயில் நடந்த ஆய்வில் அதிக நுண்துகளைக் கக்கியது பாம்பு மாத்திரை. குழந்தைகள் குந்தி உட்கார்ந்து, மூக்கை அருகே வைத்துப் பார்ப்பதும் அதைத்தான். ஆஸ்துமா உள்ள வீட்டில் அதை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சிவகாசியிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா?

இணையத்தில் பட்டாசு விற்பதை 2018 தீர்ப்பு தடைசெய்துள்ளது. ‘80 விழுக்காடு தள்ளுபடி, முன்பணம் அனுப்புங்கள்’ என்ற தளங்களில் பெரும்பாலும் பணம் போகும், பெட்டி வராது. ஏமாந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். ரயிலில் எடுத்து வந்தால் மூன்றாண்டு வரை சிறை. பேருந்திலும் அனுமதியில்லை.

உள்ளூர்க் கடையில் உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். தற்காலிகக் கடைகள் தீப்பிடிக்காத பொருளால் ஆனவையாக, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளியோடு, எதிரெதிராகப் பார்க்காமல் இருக்க வேண்டும். எண்ணெய் விளக்கோ தொங்கும் மின்கம்பியோ தெரிந்தால் உள்ளே போகாமல் திரும்பிவிடுங்கள்.

மருந்தே இல்லாமல் பொறி பறக்கவிட வழி உண்டா?

உண்டு, நம் மண்ணின் மாவலி. கார்த்திகையன்று கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களில் இன்றும் சுற்றுகிறார்கள். ‘கார்த்தி சுத்துறது’ என்றும் சொல்வார்கள்.

ஆண்பனையின் காய்ந்த பூக்காம்புகளைச் சேர்த்துச் சிறு குழியில் போட்டுக் கொளுத்துங்கள். சுவாலை அடங்கிக் கங்கானதும் மண் தள்ளி மூடிவிடுங்கள். காற்றில்லாமல் அணைந்தால்தான் கரியாகும், திறந்து வைத்தால் சாம்பலாகிவிடும். மறுநாள் எடுத்து நைசாக இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கல்லுப்பு சேர்த்தால் படபடவென்று பொரியும். பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒரு முழ நீளத்துக்கு, விரல் பருமனில் உருட்டி, நான்கு விரலுக்கு ஒருமுறை நூலால் இறுகக் கட்டுங்கள். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து அதன் நடுவே இந்தச் சுருளைச் செருகிக் கட்டி, மட்டையின் மறுமுனையில் மூன்று நான்கடி கயிறு கட்டுங்கள். சுருளின் முனையில் ஒரு கங்கு வைத்துத் தலைக்குமேல் சுழற்றினால், காற்று ஊதி ஊதிக் கரி கனிந்து பொன்மழையாகப் பொழியும்.

கரி ஈரமாக இருந்தால் பொறி வராது. சலிக்காத கரியிலிருந்து பொறிக்குப் பதில் கங்கு விழும். நைலான் துணியும் நைலான் கயிறும் உருகி ஒட்டும், ஆகவே தேங்காய் நார்க் கயிறே நல்லது. கயிற்றின் நீளத்தோடு பத்தடி கூட்டி அந்த வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கீற்றுக் கூரைக்கும் வைக்கோல் போருக்கும் அருகே வேண்டாம்.

தீக்காயம் பட்டால்?

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மஞ்சள், எண்ணெய், மை எதுவும் கூடாது. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. பொடி மட்டும் விழுந்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவலாம். இரத்தமோ, குத்திய துண்டோ தெரிந்தால் கழுவாமல், அழுத்தாமல், ஒரு காகிதக் குவளையைக் கண்ணைச் சுற்றிக் கவிழ்த்து ஒட்டி உடனே கிளம்புங்கள். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர், கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கின்றன. ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101.

வீட்டு நாய் நடுங்குகிறதே?

மாலைக்குள் உலாவவிட்டு, சாப்பாடு போட்டு, உள்ளறையில் சன்னலை மூடி மின்விசிறியை ஓடவிடுங்கள். கட்டிப்போடாதீர்கள், பயத்தில் கழுத்து இறுகும். ஊசுட்டேரி போன்ற பறவைகள் அடையும் ஏரிக்கரைகளில் வெடி வேண்டவே வேண்டாம்.

மறுநாள் காலையில் தெருவில் கிடப்பதை என்ன செய்வது?

வெடிக்காததைப் பொறுக்கிக் கொளுத்த வருவது பெரும்பாலும் சிறுவர்கள். அவர்களுக்கு முன்னால் நீங்கள் எழுந்துவிடுங்கள். முதலில் வாசல் முழுதும் தண்ணீர் தெளித்துவிட்டு, நீளத் துடைப்பத்தால் கூட்டுங்கள். முழுசாக இருப்பதையும் திரி கருகி நின்றுபோனதையும் தனியே எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் மறுநாள்வரை ஊறவிடுங்கள். தாள் குப்பையைக் குவித்து எரிக்க வேண்டாம், உள்ளே ஒன்றிரண்டு உயிரோடு இருக்கும். ஊறியதைத் தனிப் பையில் கட்டி, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சொல்லாமல் மற்றக் குப்பையோடு கலந்துவிட்டால் அதில் கை விடப்போவது அவர்தான்.